மேலவீதியில் தேர் நின்ற இருபது நிமிடம்

இந்த வருஷம் வைகாசித் தேருக்கு எங்கள் ஊரின் நான்கு வீதிகளிலும் தலைக்கு மேல் ஒரு கம்பி கிடையாது. மாசி மாதமே தெருவைத் தோண்டி, கேபிளைப் பூமிக்குள் இறக்கி, கம்பங்களைப் பிடுங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தேர் பாட்டுக்கு ஓடியது. வீடுகளில் மின்விசிறியும் ஓடியது. கரண்டு எப்போது வரும் என்று கேட்க ஒரு ஆள்கூட வாசலுக்கு வரவில்லை.

தேருக்கு ஒரு வாரம் முன்பு எங்கள் ஊர் மின்வாரிய ஆபீசின் இப்போதைய உதவிப் பொறியாளர் போன் செய்தார். "சார், நம்ம செக்‌ஷன்ல புதுசா வந்தவங்களுக்குத் தேர் வேலைன்னா என்னன்னு தெரியாது. நம்ம ஊர்ல கேபிள் போட்டாச்சு, சுத்துப்பட்டு கிராமத்துல எல்லாம் இன்னும் கம்பிதான். வந்து ஒரு அரை மணி பேசிட்டுப் போங்க" என்றார். போனேன். கடைசியில் கேள்வி கேட்கச் சொன்னபோது, புதிதாக வயர்மேன் வேலைக்கு வந்திருக்கும் ஒரு பெண் எழுந்து, "உங்க சர்வீஸ்ல நீங்க ரொம்ப பயந்த நாள் எது சார்?" என்றாள்.

அவளுக்கு ஒரு பதில் சொன்னேன். ஆனால் பாதிதான் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்த மீதிப் பாதி உறுத்தியது. அதையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

என் பெயர் கலியபெருமாள். கும்பகோணத்துக்குக் கிழக்கே, அரசலாற்றங்கரையில் எங்கள் ஊர். கோயிலும் நான்கு வீதியும் இக்கரை, எங்கள் தெரு அக்கரை. அப்பாவும் அம்மாவும் பிறர் வயலில் நட்டும் அறுத்தும் எங்களை வளர்த்தார்கள். நான் ஐ.டி.ஐ. முடித்து, கம்பம் நட குழி வெட்டும் கூலியாகச் சேர்ந்து, ஹெல்பராகி, வயர்மேன் ஆனேன். கடைசியில் ஃபோர்மேனாக ஓய்வு பெற்றேன். முப்பத்து மூன்று வருஷம்.

ராஜேந்திரனும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவனுக்கு உயரம் பிடிக்கும். எனக்கு எந்தக் கம்பி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பார்ப்பது பிடிக்கும். அதனால் எங்களுக்குள் வேலை தானாகவே பிரிந்துகொண்டது. அவன் ஏறுவான். நான் கீழே நின்று, ஏறலாமா கூடாதா என்று சொல்வேன்.

தேர் வேலை என்றால் என்ன என்று இப்போது சொல்ல வேண்டும்.

தேருக்கு மூன்று நாள் முன்பு, அலங்காரச் சட்டமெல்லாம் கட்டி முடித்த பிறகு, தேரின் அகலத்தை அளப்போம். அதே நீளத்துக்கு ஒரு மூங்கில் வெட்டி, ஆளுக்கு ஒரு முனையைத் தோளில் வைத்துக்கொண்டு, நான்கு வீதியும் நடுத்தெருவில் சுற்றி வருவோம். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். மோட்டார் சைக்கிள்காரர்கள் திட்டிக்கொண்டே குனிந்து போவார்கள். அந்த மூங்கிலின் முனைக்கு நேர் மேலே எந்தக் கம்பி வருகிறதோ, எந்த மரக்கிளை வருகிறதோ, எந்த மாடியின் தகரக்கூரை வருகிறதோ, அதையெல்லாம் எழுதிக்கொள்வோம். அது பக்கவாட்டுக்கு. தெருவுக்குக் குறுக்கே போகும் கம்பிகளைப் பற்றிப் பேச்சே இல்லை. அவை எல்லாமே அவிழ வேண்டும். கம்பத்திலிருந்து எதிர் வரிசை வீட்டுக்குப் போகும் சர்வீஸ் ஒயர்களை முதல் நாளே கழற்றிச் சுருட்டி அந்தந்த வீட்டுச் சுவரில் மாட்டிவிடுவோம்.

ஊரே உறவுக்காரர்களால் நிறைந்திருக்கும் நாள் அது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பிள்ளைகள் வந்திருப்பார்கள். வெயில் கொளுத்தும். ஒவ்வொரு வாசலிலும் ஒரு அம்மா நின்றுகொண்டு, "ஏங்க, வடைக்கு ஊறப்போட்டுட்டேங்க. அரைச்ச பிறகு புடுங்கக் கூடாதா?" என்பார்கள். "அரைச்சுக்குங்கம்மா, கடைசியா உங்க வீட்டுக்கு வர்றோம்" என்போம். இப்படி நாற்பது வீட்டுக்குச் சொல்லியிருப்போம்.

தேர் கீழவீதியில் கிளம்பி, தெற்குவீதி, மேலவீதி, வடக்குவீதி என்று சுற்றி நிலைக்கு வரும். ஒவ்வொரு வீதிக்கும் கரண்டு தனித்தனியாகப் பிரிந்து போகிறது. டிரான்ஸ்பார்மர் அடியில் அந்த வீதிக்கு உரிய பியூஸ்களைப் பிடுங்கிவிட்டால் அந்த வீதி அடங்கிவிடும். ஆனால் பியூஸைப் பிடுங்கியதோடு வேலை முடியாது. கம்பத்தில் கையுறையோடு ஏறி, ஹோல்டரில் பல்பு மாட்டிய சோதனை விளக்கை ஒவ்வொரு கம்பியிலும் வைத்துப் பார்க்க வேண்டும். பல்பு எரியக் கூடாது. பிறகு எல்லாக் கம்பிகளையும் ஒரு செம்புச் சங்கிலியால் சேர்த்துப் பூமியோடு இணைக்க வேண்டும். அதன் பிறகுதான் வெறுங்கை படலாம். எங்களிடம் அந்தச் சங்கிலி இரண்டு செட்தான் இருந்தது. தேர் கடந்து போன வீதியிலிருந்து கழற்றி, வரப்போகும் வீதிக்குக் கொண்டு போவோம்.

இதையெல்லாம் ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் மரகதம் மேடம். எங்கள் செக்‌ஷனுக்கு உதவிப் பொறியாளராக வந்த முதல் பெண்மணி அவர்தான். ஒல்லியான ஆள். குரல் எழும்பவே எழும்பாது. நாங்கள் அவர் பேசுவதைக் கேட்க வேண்டும் என்றால் நாங்கள்தான் பேச்சை நிறுத்த வேண்டும். குழி வெட்டும் ஆள் வரைக்கும் எல்லோரையும் வாங்க, போங்க என்றுதான் கூப்பிடுவார். எங்களில் பல பேருக்கு அது முதலில் கூச்சமாக இருந்தது.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வேலையைச் சொன்னால், "இப்ப நீங்க எனக்குத் திருப்பிச் சொல்லுங்க" என்பார். சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை விட்டுப்போனால் சிரிக்க மாட்டார், கோபிக்கவும் மாட்டார், முதலிலிருந்து மறுபடி சொல்வார். பிடுங்கிய பியூஸ்கள் எல்லாவற்றையும் வாங்கி, வீதிப் பெயர் எழுதிய காகிதத்தைச் சுற்றி, ஒரு மஞ்சள் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்வார். அந்தப் பையோடு தேருக்கு முன்னால் வெயிலில் நடப்பார். யாராவது பெரிய மனுஷர் போன் செய்து, என் வீட்டுக்கு மட்டும் கரண்டு போடச் சொல்லுங்கள் என்று எங்களைப் பிடித்தால், "பியூஸ் மேடம் பையில இருக்குங்க" என்று சொல்லிவிடலாம். அந்தப் பை எங்களை எத்தனையோ சங்கடத்திலிருந்து காப்பாற்றியிருக்கிறது. நான்கு வீதிக்கும் கரண்டு திரும்ப வரும் வரை அவர் சாப்பிட மாட்டார். எங்களைச் சாப்பிடச் சொல்வார்.

அவர் வந்து மூன்றாவது வருஷத் தேர். வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம். ஓடிக்கொண்டிருக்கும் தேர் ராகுகாலத்தில் ஓடலாம், தவறில்லை. ஆனால் நின்ற தேரை ராகுகாலத்தில் புறப்பட விட மாட்டார்கள். பன்னிரண்டு மணி வரை நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். அதனால் எங்கேயும் தேங்காமல் போக வேண்டும் என்று விழாக் கமிட்டித் தலைவர் நடராஜன் காலையிலேயே எல்லோரிடமும் சொல்லியிருந்தார். நடராஜன் ஊரின் பெரிய குடும்பம். ஒரு காலத்தில் அக்கரை வயல் முழுக்க அவர்களுடையதுதான். என் அப்பா அவர்கள் பண்ணையில் வேலை பார்த்தவர். நடராஜன் என்னை வா, போ என்றுதான் பேசுவார். நானும் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அன்று காலை நான் செய்ய வேண்டியது இது: தெற்குவீதியையும் மேலவீதியையும் பியூஸ் பிடுங்கி அடக்கி, இரண்டையும் சோதனை விளக்கு வைத்துப் பார்த்து, தெற்குவீதியில் சங்கிலி போட வேண்டும். மேலவீதியின் நடுவில் குறுக்கே போகும் நான்கு கம்பிகளை, தேர் முனை திரும்பும் நேரத்தில் அவிழ்க்க வேண்டும். அதற்காக ராஜேந்திரன் ஏணியோடு காலையிலிருந்து மேலவீதியில் நின்றான்.

பியூஸ்களைப் பிடுங்கினேன். மேடம் கையில் கொடுத்தேன். தெற்குவீதியைச் சோதித்தேன், சங்கிலி போட்டேன். மேலவீதிக்குப் போகக் கிளம்பும்போது தேர் கிளம்பிவிட்டது. அந்த வருஷம் கூட்டம் அதிகம், வடம் பிடித்தவர்கள் எல்லாம் இளவட்டம், தேர் முக்கால் மணி நேரம் முன்னதாகவே தெற்குவீதிக்கு வந்துவிட்டது. நான் அங்கேயே மாட்டிக்கொண்டேன். ஒரு தகரக்கூரை, ஒரு வேப்பங்கிளை, ஒரு விளம்பரப் பலகை என்று ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருந்தது.

தேர் தெற்குவீதியின் கோடிக்கு வந்தபோது மேடமும் நானும் முன்னால் ஓடி மேலவீதி திரும்பினோம். ராஜேந்திரன் கம்பத்தில் ஏணியைச் சாய்த்துவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மேடம் கேட்டார். "கலியபெருமாள், இந்த வீதி டெஸ்ட் பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேன் மேடம்" என்றேன்.

அந்தப் பெண்ணிடம் நான் சொல்லாமல் விட்ட பாதி இதுதான். நான் பண்ணவில்லை. ஏன் பொய் சொன்னேன் என்று இத்தனை வருஷம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். பியூஸை நானே என் கையால் பிடுங்கியிருந்தேன், அது மேடம் தோளில் தொங்குகிறது, இதில் எங்கிருந்து கரண்டு வரப்போகிறது என்ற நினைப்பு ஒன்று. மூன்று வருஷமாக அவரிடம் ஒரு முறைகூட இல்லை என்று பதில் சொன்னதில்லை என்ற பெருமை ஒன்று. பின்னால் மேளம் நெருங்கி வந்துகொண்டிருந்தது. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மேடம் வடக்குவீதியைப் பார்க்க மேலே நடந்தார். சங்கிலி இன்னும் வந்து சேரவில்லை, அதற்கும் காத்திருக்காமல் நான் ராஜேந்திரனிடம் தலையை ஆட்டினேன். அவன் என்னை ஒரு கணம் பார்த்தான். பிறகு ஏறினான்.

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வாசலில் கோலத்தை மிதிக்காமல் ஒதுங்கி நின்ற ஒரு அம்மா, தேங்காய் பழத் தட்டோடு, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பரவால்லங்க, இந்த வருஷம் எங்களுக்குக் கரண்டை விட்டு வச்சிருக்கீங்க. ஃபேன் ஓடுது. அவரு நிம்மதியா படுத்திருக்காரு."

மேலவீதி பியூஸ் மேடம் பையில் இருக்கிறது. மேலே பார்த்தேன். ராஜேந்திரன் இடுப்புக் கயிற்றை மாட்டிவிட்டு, இடது கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கையில் குறட்டோடு ஒரு கம்பியை நோக்கிச் சாய்ந்துகொண்டிருந்தான். வியர்வை என்று கையுறையைக் கழற்றி இடுப்பில் சொருகியிருந்தான்.

"ராஜேந்திரா, தொடாதே. கையை எடு. இறங்கு."

அந்தச் சத்தம் என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. மேளச் சத்தத்தில் அவனுக்கு எப்படிக் கேட்டது என்றும் தெரியவில்லை. கையை எடுத்தான். கம்பிக்கும் அவன் கைக்கும் ஒரு சாண் இருந்திருக்கும்.

அவன் இறங்கியதும் நான் கையுறையை மாட்டிக்கொண்டு ஏறினேன். சோதனை விளக்கின் ஒரு முனையை நியூட்ரலிலும், மறுமுனையை முதல் கம்பியிலும் வைத்தேன். எரியவில்லை. இரண்டாவதிலும் எரியவில்லை. மூன்றாவதில் வைத்தேன். பட்டப்பகல் வெயிலில் பல்பு மஞ்சளாக எரிந்தது. அதுதான் ராஜேந்திரன் கை போன கம்பி.

திரும்பிப் பார்த்தால் தேர் முனை திரும்பிவிட்டது. ஐம்பது அறுபது அடிதான் இருக்கும். உச்சியில் செம்புக் கலசம் வெயிலில் பளபளக்கிறது. வடத்தின் இரு பக்கமும் ஆயிரக்கணக்கான பேர், பாதிக்கு மேல் பெண்கள், செருப்பில்லாமல், தண்ணீர் தெளித்த ஈரத் தெருவில்.

தேரை வாயால் நிறுத்த முடியாது. முட்டுக்கட்டை போடுகிறவர்கள்தான் நிறுத்த முடியும். சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நடந்து வந்து, மரக்கட்டையைச் சரியான நேரத்தில் சக்கரத்துக்கு அடியில் தள்ளுகிறவர்கள். அவர்களுக்குத் தலைவர் சாமிக்கண்ணு. நான் இறங்கி, சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு, வடத்துக்கு நடுவே புகுந்து அவரை நோக்கி ஓடினேன். கொடியைப் பார்க்கவில்லை, உன் முகத்தைத்தான் பார்த்தேன் என்று அவர் பின்னால் சொன்னார். இரண்டு பக்கமும் கட்டை விழுந்தது. தேர் ஒரு உலுக்கு உலுக்கி நின்றது.

நடராஜன் வேகமாக வந்தார். மேல்துண்டு நழுவிக் கிடந்தது.

"என்னப்பா கலியபெருமாள், நடுத்தெருவுல சாமியை நிறுத்திட்டே? மணி பத்து அடிச்சாச்சு. பத்தரைக்கு மேல எடுக்க முடியுமா?"

"கம்பியில கரண்டு வருதுங்கய்யா."

"உங்க ஆளுங்கதானே நிறுத்துனாங்க?"

"நிறுத்தியாச்சுங்க. ஆனா வருது."

அவருக்குப் புரியவில்லை. எனக்கே அப்போதுதான் புரிந்துகொண்டிருந்தது. டிரான்ஸ்பார்மரிலிருந்து வரவில்லை. அப்படியானால் ஏதோ ஒரு வீட்டிலிருந்து வருகிறது. யாரோ ஜெனரேட்டர் போட்டு, வீட்டு மெயின் சுவிட்சை அணைக்காமல் விட்டிருக்கிறார்கள். வீட்டுக்குள் போக வேண்டிய கரண்டு, சர்வீஸ் ஒயர் வழியாகத் திரும்பிக் கம்பத்துக்கு ஏறி, அக்கம்பக்கத்து வீட்டு மின்விசிறியையும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கம்பம் இருக்கிற வரிசையில் முப்பது வீடு. எந்த வீடு?

மேடம் திரும்பி வந்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. நடராஜன் பக்கம் திரும்பி, "சார், மேளத்தைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க. எல்லாரையும் ஒரு நிமிஷம் பேசாம இருக்கச் சொல்லுங்க. எங்களுக்கு ஜெனரேட்டர் சத்தம் கேக்கணும்" என்றார்.

நடராஜன் ஒரு வினாடி யோசித்தார். அவரைப் பற்றி என்ன சொன்னாலும், அந்த ஒரு வினாடிக்கு மேல் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. தேர்த்தட்டில் காலை வைத்து ஏறி நின்று, இரண்டு கையையும் தூக்கினார். தவில் நின்றது. நாதஸ்வரம் நின்றது. சங்கு நின்றது. முன் வரிசையில் யாரோ வாயில் விரல் வைத்துக் காட்ட, அது வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. அவ்வளவு கூட்டம் மூச்சுவிடுகிற சத்தம்தான் இருந்தது. தேர்ச்சேலை காற்றில் படபடத்தது. அந்த அமைதியில், வரிசையின் நடுவிலிருந்து, ஒரு கொல்லைப்புறத்திலிருந்து, டுடுடுடு என்று மெல்லிய சத்தம் கேட்டது.

ராஜேந்திரனும் நானும் ஓடினோம். ஓய்வு பெற்ற ஒரு ஆசிரியர் வீடு. அவர் காலமாகிவிட்டார், அவர் மனைவி மட்டும் இருக்கிறார் என்று தெரியும். உள்ளே நுழைந்தால் கூடத்துக்கு அடுத்த அறையில் அந்த அம்மா கட்டிலில் சாய்ந்திருக்கிறார். மூக்கில் குழாய். பக்கத்தில் ஆக்ஸிஜன் மிஷின் ஓடுகிறது. தஞ்சாவூரில் வேலை பார்க்கும் மகள் எங்கள் கையில் இருந்த குறட்டையும் கொடியையும் பார்த்து, அறைக் கதவைப் பிடித்து மறித்தாற்போல் நின்றாள்.

"அம்மாவுக்கு ஆக்ஸிஜன் ஓடுதுங்க. தயவுசெஞ்சு நிறுத்திடாதீங்க. தேருக்கு கரண்டு இருக்காதுன்னுதான் ஜெனரேட்டர் எடுத்துட்டு வந்தோம். தப்பா?"

"தப்பில்லம்மா. மிஷின் நிக்காது. மெயின் எங்க இருக்குன்னு மட்டும் காட்டுங்க."

"நிக்காதே?"

"நிக்காதும்மா. ஜெனரேட்டர் ஓடட்டும். தெருவுக்குப் போறதை மட்டும் அடைச்சுடறேன்."

அவள் காட்டினாள். ஜெனரேட்டர் மாட்டிவிட்டுப் போன ஆள் ஒரு ஒயரைக் கொல்லையிலிருந்து கொண்டுவந்து சுவர் பிளக்கில் சொருகிவிட்டுப் போயிருந்தான். மெயின் மேலே நிமிர்ந்தபடி இருந்தது. அதைக் கீழே தள்ளினேன். எல்லோரும் அந்த மிஷினையே பார்த்தோம். ஓடிக்கொண்டிருந்தது. மகள் அப்போதுதான் கதவிலிருந்து கையை எடுத்தாள்.

வெளியே வந்தபோது ஏணிக்கு அடியில் மேடம் நின்றார். "நான் இங்க நின்னு பாக்கறேன். நீங்க பண்ணுங்க" என்றார். ஏறினேன். ஒன்று, இரண்டு, மூன்று. பல்பு எரியவில்லை. அவர் கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு மூன்றையும் பார்த்தார். தெற்குவீதியிலிருந்து சங்கிலி வந்து சேர்ந்தது, போட்டேன். ராஜேந்திரன் ஏறி நான்கு கம்பிகளையும் அவிழ்த்து ஓரத்தில் கட்டினான். இந்த முறை கையுறையோடு.

மணி பத்து இருபத்தைந்து. மேடம் நடராஜனைப் பார்த்து, "இப்ப போகலாங்க" என்றார்.

தேர் நகர்ந்து அந்த வீட்டுக்கு நேராக வந்தபோது, மகளும் இரண்டு மூன்று உறவுக்காரர்களும் கட்டிலையும் மிஷினையும் கூடத்துக்கு நகர்த்திவிட்டிருந்தார்கள். வாசல் கதவு இரண்டும் திறந்திருந்தது. அந்த அம்மா மூக்குக் குழாயோடு, கும்பிட்ட கையோடு தேரைப் பார்த்தார். அர்ச்சகர் தேரிலிருந்தபடியே அவர் பக்கமாக ஒரு முறை தீபத்தைத் தூக்கிக் காட்டினார்.

நிலைக்கு வந்து, நான்கு வீதிக்கும் கரண்டு கொடுத்து முடித்தபோது மணி இரண்டு. நடராஜன் பிரசாதத் தட்டோடு வந்து, "வாங்க கலியபெருமாள், எடுத்துக்குங்க" என்றார். அந்த 'வாங்க' என் காதில் விழவே இல்லை என்று சொன்னால் அது அன்றைய இரண்டாவது பொய்யாக இருக்கும்.

ஆபீசுக்குப் போனோம். மேடம் டிபன் டப்பாவைத் திறந்தார். தயிர்சாதம். நான் எதிரே நின்றேன்.

"நீங்க காலையில பாத்துட்டு வந்ததுக்கு அப்புறம்தான் ஜெனரேட்டரைப் போட்டிருப்பாங்க, இல்லைங்களா?" என்றார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை. யாரும் கேட்க மாட்டார்கள். அந்த வீட்டில் எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்று யாரும் போய் விசாரிக்கப் போவதில்லை. எனக்கு வாய் வரை வந்தது.

"இல்லைங்க மேடம். நான் மேலவீதிக்குப் போகவே இல்லை. டெஸ்ட் பண்ணலைங்க. பொய் சொல்லிட்டேன்."

அவர் டப்பாவை மூடினார். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உட்காருங்க. இப்ப சொன்னதை அப்படியே எழுதிக் குடுங்க" என்று ஒரு தாளைத் தள்ளினார். எழுதினேன். அவரும் இன்னொரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். முடித்துவிட்டு என் பக்கம் திருப்பிக் காட்டினார். மேலதிகாரிக்கு எழுதியது. அதில் என் தவறு இருந்தது. அதற்குக் கீழே, 'சோதனை நடந்ததா என்று வாயால் கேட்டேன், கண்ணால் பார்க்கவில்லை, இது என் தவறு' என்றும் இருந்தது.

"மேடம், இதை நீங்க எழுத வேண்டாம்."

"ஏங்க? பொய்யா?"

நான் என் தாளை அவர் பக்கம் நகர்த்தினேன். "மெமோ வரும். பதில் எழுதிடுங்க. இனிமே நான் கேக்க மாட்டேன். வந்து பாப்பேன்" என்றார். பிறகு டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தார். மெமோ வந்தது. பதில் எழுதினேன். என் பணிப்பதிவேட்டில் அது ஒன்றுதான் கரும்புள்ளி. அதை எடுக்கச் சொல்லி நான் எந்தக் காலத்திலும் மனு போடவில்லை. மேடம் அதன் பிறகு இரண்டு தேர் பார்த்துவிட்டு மயிலாடுதுறைப் பக்கம் மாறுதலாகிப் போனார். போகும்வரை ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் நின்று, நெற்றியில் கை வைத்து, பல்பைப் பார்த்தார்.

அந்தத் தேர் நாள் சாயங்காலம் ராஜேந்திரன் வீட்டுக்குப் போனேன். மேடத்திடம் சொன்னதை விட அவனிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவன் குளித்துவிட்டு, பனியனோடு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி சரோஜா உள்ளே சமையலில் இருந்தாள்.

"ராஜேந்திரா, நான் டெஸ்ட் பண்ணாமத்தான் உன்னை ஏறச் சொன்னேன்" என்றேன்.

"தெரியும்" என்றான்.

"எப்படித் தெரியும்?"

"காலையிலேருந்து அந்தத் தெருவுலதானே நின்னேன். நீ வந்திருந்தா பாத்திருக்க மாட்டேனா?"

படியில் உட்கார்ந்தேன். "தெரிஞ்சும் ஏன்ப்பா ஏறினே?"

அவன் ஈரத்தலையைத் துண்டால் துவட்டிக்கொண்டே இருந்தான். "மேடம்கிட்ட பண்ணிட்டேன்னு சொல்லிட்டே. நான் ஏறமாட்டேன்னா உன் பொய் அங்கேயே வெளிய வந்துடும். அவங்க எதிர்ல உன்னை எப்படிக் காட்டிக் குடுக்கறது? பியூஸை நீ புடுங்கினது தெரியும். என்ன ஆயிடப் போவுதுன்னு ஏறிட்டேன்."

உள்ளே தாளிக்கிற சத்தம் நின்று கொஞ்ச நேரம் ஆகியிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. சரோஜா நிலைப்படியில் வந்து நின்றாள். கையில் கரண்டி.

"அப்ப நீங்க ஒரு வார்த்தைக்காக ஏறினீங்க, அண்ணன் ஒரு வார்த்தைக்காக ஏத்தி விட்டாங்க. அப்படித்தானே?"

ராஜேந்திரன் துவட்டுவதை நிறுத்தினான்.

"எனக்கு ரெண்டு பொண்ணு. அண்ணிக்கு ஒரு பையன். இனிமே யாரு மரியாதைக்காகவும் யாரும் ஏறக் கூடாது. ரெண்டு பேரும் இப்ப என் எதிர்ல சொல்லுங்க."

ராஜேந்திரன் சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. சொன்னோம். இரண்டு பெரிய மனுஷர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி, முதலில் அவன், பிறகு நான். "சரி, கை கழுவிட்டு வாங்க" என்று உள்ளே போய் இலை போட்டாள். அன்று காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கத்தரிக்காய்க் குழம்பு. மூன்று முறை சோறு வாங்கினேன்.

அதற்குப் பிறகு ராஜேந்திரனும் நானும் சேர்ந்து பதினொரு தேர் பார்த்தோம். நான் ஃபோர்மேன் ஆன பிறகும் அவன் வழக்கம் மாறவில்லை. சோதித்துவிட்டு நான் இறங்கியதும், ஏணியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, தெருவில் இருக்கிற அத்தனை பேர் காதிலும் விழும்படி, "நான் அந்தப் பக்கம் திரும்பியிருந்தேன், பாக்கலையே கலியா" என்பான். கூட்டம் சிரிக்கும். மேளம் நெருங்கிக்கொண்டிருக்கும். நான் கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டு, சோதனை விளக்கோடு ஏறுவேன்.